ஏழு துளை வைத்தியம்

ஆற்றங்கரையில் பழம்பொருள் தேடுகிறவனுக்கு முதலில் வேண்டியது நல்ல செருப்பு. சாதாரண ரப்பர் செருப்பு சேற்றில் உருவிக்கொள்ளும். குனிந்து அதைத் தேடுவதற்கே பொழுது போய்விடும். நான் பின்வார் வைத்த செருப்புதான் போடுவேன். நீங்கள் என்னை அழைத்து வந்தபோதும் அதைத்தான் போட்டிருந்தேன் ஐயா. ஸ்டேஷன் வாசலில் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன். எனக்கு யார் மேலும் வருத்தமில்லை.

என் பெயர் மந்திரமூர்த்தி. பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே எங்கள் ஊர். கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறும், இறங்கும். இறங்கிய வேளையை வத்தம் என்போம். வத்தத்தில் கரைச் சேறு வெளியே தெரியும்போது பானை ஓடு, பாசிமணி, சங்கு வளையல் துண்டு என்று ஏதாவது தலைகாட்டும். பல வருடமாகப் பொறுக்குகிறேன். எங்கள் ஊர்த் தொன்மை மன்றத்தை நிறுவியவன் நான், தலைவரும் நான்தான். முறையாகத் தேர்தல் வைத்தோம். வேறு யாரும் நிற்கவில்லை.

மன்றத்துக்கு ஒரு குறை இருந்தது. ஆற்றோடு மேலே போகப் போக ஊருக்கு ஊர் தாழி கிடைக்கிறது, தாழிக்குள் மனிதர் கிடைக்கிறார். எங்களிடம் ஓடு மட்டும்தான் இருந்தது. கடையில் குத்துப்போணி விலை கேட்க வந்த பக்கத்து ஊர்க்காரன், "அண்ணாச்சி, உங்க ஊர்ல பானை மட்டுந்தான் குடியிருந்துச்சோ? மனுசன் ஒருத்தனும் இல்லியோ?" என்றான். விலையில் ஒரு ரூபாய் குறைக்காமல் அனுப்பினேன். ஆனாலும் அந்தச் சொல் மனதில் கிடந்தது.

இந்தக் கோடையில் ஒரு வத்தத்தில் அவர் கிடைத்தார். சேற்றில் குப்புறக் கிடந்த முழு எலும்புக்கூடு. சுற்றிலும் கறுப்பு சிவப்பு ஓடுகள். அந்த ஓடுகள் உண்மையிலேயே பழமையானவை. பின்னால் வந்து பார்த்த பேராசிரியர்கள் எல்லாரும் அதை ஒப்புக்கொண்டார்கள். எலும்பைத் தொட மட்டும் அவர்களுக்கு அனுமதி இல்லை. மன்றத்தின் விதி அப்படி. விதியை முந்தின நாள்தான் எழுதினோம். ஓடுகளைப் பற்றி நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மற்றதை நான் துப்புரவு செய்தேன். நைலான் சாக்கின் நார், துண்டின் கரை, இடுப்பில் ஓர் அரைஞாண் கயிறு. எந்த ஆற்றில்தான் குப்பை இல்லை? வலது தொடை எலும்பில் ஓர் எஃகுத் தகடு இருந்தது, ஏழு திருகு. திருப்புளி எதுவும் சேரவில்லை. சைக்கிள் கடையில் அல்லன் சாவி இரவல் வாங்கினேன். கழுவித்தான் திருப்பிக் கொடுத்தேன்.

யார் கால் என்று தெரியாதா என்கிறீர்கள். தெரியும். சுடலைமணி. என் கடையில் சுமை இறக்குகிறவன். முன்பு லாரி இடித்து அந்தக் காலில் தகடு வைத்தார்கள். ஒன்றரை வருடம் முன்பு, மார்கழி வெள்ளத்தில் காணாமல் போனான். அவன் மனைவி அன்னத்தாய் எங்கள் தெருதான். ஆற்றில் என்ன ஒதுங்கினாலும் என்னிடம் ஓடி வருவாள். நாள் தவறாமல் கரையில் நிற்கிறவன் நான்தானே. "எது கிடைச்சாலும் உனக்குத்தான் முதல்ல சொல்லுவேன் தாயி" என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

நியாயமாக யோசியுங்கள். அவளிடம் கொடுத்தால் என்ன செய்வாள்? அழுவாள், எரிப்பாள், பதினாறாம் நாள் காரியம் முடிப்பாள். சுமைக்காரனாகச் செத்தவன் சுமைக்காரனாகவே போய்ச் சேருவான். நான் அவனுக்கு மூவாயிரம் வருடம் கொடுத்தேன். கண்ணாடிப் பெட்டி, உள்ளே விளக்கு, அடியில் வெல்வெட். உயிரோடு இருந்தபோது அவன் மெத்தையில் படுத்ததில்லை.

மன்றத்தில் பெட்டியைத் திறந்து வைத்த அன்று நல்ல கூட்டம். காயல்பட்டினத்திலிருந்து வந்த ஸமீஹா என்ற கல்லூரி மாணவி மட்டும் குனிந்தபடியே வெகுநேரம் நின்றாள்.

"அண்ணாச்சி, ஓட்டையெல்லாம் அளந்து வச்ச மாதிரி ஒரே வரிசையில இருக்கே. யாரு போட்டது?"

அதற்கு நான் பதில் யோசித்து வைத்திருக்கவில்லை. "நம்ம முன்னோர் பண்ணின எலும்பு வைத்தியம்மா" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் நாலு பேர் படம் பிடித்துவிட்டார்கள். மாலைக்குள் அது வாட்ஸ்அப்பில் துபாய் போய்த் திரும்பி வந்தது, துளைக்குள் மூலிகைச் சாறு ஊற்றினார்கள் என்ற கூடுதல் தகவலோடு. அதை நான் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. பக்கத்து ஊர்க்காரன் வந்து பெட்டியைக் கும்பிட்டான். குத்துப்போணியும் வாங்கினான், கேட்ட விலைக்கு.

வருகிற ஆவணியில் அன்னத்தாயின் மகள் கலையரசிக்குக் கல்யாணம். போன வாரம் அன்னத்தாய் கடைக்கு வந்தாள்.

"பத்திரிகையில அவுக பேருக்கு முன்னால என்ன போட அண்ணாச்சி? திருன்னு போடவா, தெய்வத்திருன்னு போடவா? நான் பூவும் பொட்டுமா சபையில நிக்கலாமா, கூடாதா? ஒண்ணும் விளங்கலியே."

"திருன்னே போடு தாயி. எங்கனயாவது இருப்பான்" என்றேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான்.

பத்திரிகை அச்சுக்குப் போவதற்குள் யாரோ அவளிடம் ஏழு துளை வைத்தியத்தைச் சொல்லிவிட்டார்கள். மன்றத்துக்கு வந்து பெட்டி முன்னால் நின்றாள்.

"இவுக வலது காலை இழுத்து நடந்திருப்பாகளோ, அண்ணாச்சி?"

"இருக்கலாம் தாயி. ஆராய வேண்டிய விசயம்."

கண்ணாடி மேல் விரலை வைத்து, துளை துளையாக நகர்த்தினாள். "தினம் நான் எண்ணெ போட்டுத் தேச்ச காலு. தகட்டை எங்க வச்சிருக்கிய?"

"மூவாயிரம் வருசத்துக்கு முன்னால தகடு ஏது தாயி?" என்றேன். என் குரல் உயரவே இல்லை.

அவள் முந்தானையால் நெற்றிப் பொட்டை அங்கேயே அழித்தாள். நேரே உங்களிடம் வந்தாள். தகடு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, திருகுகளோடு. கண்டெடுத்த பொருளை எறியும் பழக்கம் எனக்கில்லை.

அவ்வளவு பழைய ஓடுகள் அவனைச் சுற்றி எப்படி வந்தன என்று கேட்டீர்கள். அவை என்னுடையவை. வெள்ளத்தன்று மன்றத்தின் சேகரிப்பு ஆற்றோரக் கொட்டகையில் இருந்தது. சுடலைமணி இடுப்பளவுத் தண்ணீரில் போய் முதல் சாக்கைக் கொண்டுவந்து இறக்கினான்.

"தண்ணி ஏறிக்கிட்டுல்லா வருது அண்ணாச்சி. ஓட்டாஞ்சில்லுதான, போனா போவட்டும்."

"ஏலே, அது வரலாறு. பைய போயிட்டு வா."

சாக்கைத் துண்டால் முதுகோடு இறுக்கிக் கட்டிக்கொள்வது அவன் வழக்கம். நான் சொல்லிக்கொடுத்ததுதான். வெறும் ஆளாக இருந்திருந்தால் அந்தக் காலோடும் நீந்திக் கரையேறியிருப்பான் என்று அன்னத்தாய் சொல்கிறாளாம். இருக்கலாம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவன் கிடைத்த அன்று சேற்றிலேயே உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ஓர் ஓடுகூடக் குறையவில்லை. நல்ல வேலைக்காரன் ஐயா. வேறொருவன் என்றால் சாக்கை ஆற்றில் விட்டுவிட்டு வந்திருப்பான்.