உள்ளேயே இருந்த கட்டளை

கொட்டகலையில் ஏறிய இரண்டு ஆசிரியைகள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். பஸ் கிளம்பியதும் ஜன்னலோரத்தில் இருந்தவர் சொன்னார்:

"நேத்து லேப்ல எல்லாக் கமாண்டும் செத்துப் போச்சு டீச்சர். எதத் தட்டினாலும் 'காணோம்'ங்குது."

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. இருந்தாலும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஐயோ, என்ன செஞ்சீங்க?"

"கமாண்டெல்லாம் எங்க இருக்குன்னு வழி சொல்ற வரி ஒண்ணு இருக்கு. அதுல கைய வச்சுக் கெடுத்துட்டேன். புள்ளைங்க வருஷம் முழுக்கச் செஞ்ச புரொஜெக்ட் பூரா அந்தக் கம்ப்யூட்டர்லதான். இன்னைக்கு அனுப்பணும்."

"போச்சா?"

"போகல. சில கமாண்ட் வெளிய இல்ல, நாம தட்டுறத வாங்கிச் செய்யுற ஷெல்லுங்கிற புரோகிராமுக்குள்ளேயே இருக்கு. மண்ணு சரிஞ்சு ரோட்டு அடைச்சிட்டா டவுன்லேருந்து யாரும் வர முடியாது. ஆனா பக்கத்து வீட்டுக் காம்பராக்காரங்க வந்துருவாங்கல்ல, அந்த மாதிரி. அப்படி உள்ள இருக்கிறதுல எக்கோன்னு ஒண்ணு. அதோட ஒரு நட்சத்திரக் குறியப் போட்டுத் தட்டுனேன். தோட்டத்துல வேலைக்குப் பேர் குடுக்கக் காலப் பெரட்டுல நிக்கிற மாதிரி எல்லாப் புள்ளைங்க பேர்லயும் இருந்த ஃபைலும் வரிசையா வந்து நின்னுச்சு."

"அப்பாடா!"

எனக்கும் மூச்சு வந்தது.

"அப்புறம் அந்த வரியையும் சரி பண்ணிட்டேன். அதுக்குப் பொறகுதான் அழுக வந்துச்சு."

"புள்ளைங்க முன்னாலயா?"

"ஆமா. ஒருத்தி எந்திரிச்சு, 'அழாதீங்க டீச்சர், நாங்க மறுபடி செஞ்சு தர்றோம்'ங்கிறா. எல்லாம் இருக்குடின்னு சொல்ல எனக்கு வாய் வரணுமே!"