விட்டேத்திக்கு வைத்த குழம்பு

"நேத்து எங்க வூட்டுக்காரரு என்னைத் திட்டிட்டாருக்கா!"

கல்யாணச் சேதி சொல்கிற குரல் அது. எழுபதுகளில் ஒரு காலை, மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு உப்பளத்துப் பெண்கள். சொன்னவள் இளையவள். மூத்தவள் திரும்பி முறைத்தாள்.

"திட்டினதுக்கா இவ்ளோ சிரிப்பு?"

"போன மழையில குவிச்சு வெச்ச உப்பெல்லாம் கரைஞ்சு போச்சில்ல, அதுலேருந்து மனுசன் விட்டேத்தியாயிட்டாரு. எது கேட்டாலும் 'ஆவட்டும்'தான்."

"சோம்பேறின்னு சொல்லு."

"அய்ய, வேலைக்கெல்லாம் ஒழுங்காத்தான் போறாரு. சோம்பேறிக்குச் சோறாவது ருசிக்கும்க்கா. விட்டேத்திக்கு நல்லதும் கெட்டதும் ஒண்ணுதான். பார்த்தேன், கொழம்புக்கு உப்பு போடறதையே நிறுத்திட்டேன்."

"அடிப்பாவி! உப்பு வார்றவன் வூட்லயா?"

"தினம் அதைத் தின்னுட்டு, பேசாம கையக் கழுவிட்டுப் போவாரு. நானும் அதையேதான் தின்னேன். நேத்து மத்தியானம் ஒரு வாய் வெச்சாரு. 'ஊருக்கெல்லாம் உப்பு வாரிக் குடுக்கறேன், எனக்கு ஒரு கல்லு போட மாட்டியாடி?'ன்னு ஒரு கத்து! தெருவே எட்டிப் பார்த்துது."

"அப்புறம்?" என்று கேட்டவர், டிக்கெட் கிழிக்க வந்து அங்கேயே நின்றுவிட்ட கண்டக்டர்.

"அவரே எழுந்து போயி ஒரு கை உப்ப அள்ளிப் போட்டாருங்க. வாயில வெக்க முடியல."

"கீழ கொட்டிட்டியா?" என்றாள் மூத்தவள்.

"கொட்றதாவது! சட்டியோட வழிச்சுத் தின்னேன்."