கேரம் அறையின் சாவி

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் அன்பிற்குரிய தேசப்பன் அவர்களே! துறைமுகத்தில் தோள் தேய உழைத்து ஓய்ந்த பெரியோர்களே! உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் இராயபுரத்துத் தாய்மார்களே! பின்வரிசையில் நின்றுகொண்டே இருக்கும் என் பழைய மாணவர்களே! உட்காருங்கள் என்றால் நீங்கள் என்றைக்கு உட்கார்ந்தீர்கள், இன்றைக்கு உட்கார? அனைவருக்கும் இந்த மாலைக் கடற்காற்றின் ஈரத்தோடு என் வணக்கம்.

மூன்று வாரமாக எனக்கு ஒரு மயக்கம். நம் கேரம் மன்றத்து வாசலுக்கு வந்தால் கால் தானாக நின்றுவிடுகிறது. கதவில் காவல் நிலையத்தின் பூட்டு. ஆனால் உள்ளே ஓசை கேட்பதுபோல இருக்கிறது. ஸ்ட்ரைக்கர் காயினைத் தொடும் அந்தச் சின்ன ஓசை! கூரைத் தகட்டின் ஓட்டை வழியே ஒற்றை ஒளிக்கற்றை இறங்க, அதில் பவுடர் பனிபோல மிதக்க, தூரத்தில் ஏதோ ஒரு கப்பல் மெல்ல ஊத... ஆடி முடித்து வீட்டுக்குப் போனால் டீ டம்ளரில் வெள்ளை விரல் தடம். கதவில் வெள்ளை விரல் தடம். தூங்கும் குழந்தையின் கன்னத்திலும் வெள்ளை விரல் தடம். இந்தத் தெருவே பாதிக் கனவில் நடந்த தெரு அல்லவா?

அந்த அறையில் நடுவர் உண்டா? விசில் உண்டா? விதிகள் எழுதிய பலகை உண்டா? ஒன்றும் இல்லை! போன பொங்கல் போட்டியில், மளிகைக் கடை உச்சிமாகாளி ஜெயிக்க ஒரே ஒரு காயின் பாக்கி. அவர் சட்டைக் கை ஒரு காயினை உரசிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. மனிதர் தானே, ஏற்கெனவே குழியில் போட்டிருந்த ஒரு காயினை அபராதமாக எடுத்துப் பலகை நடுவில் வைத்தார்.

“இன்னா மாமு, எவன் பாத்தான்? வுடு!” என்றார்கள்.

“எங் கைக்குத் தெரியும்லா?” என்றார். தோற்றும் போனார். அன்றைக்கு அவரை மிஞ்சிய அரசன் யார்?

அப்படிப்பட்ட அறையில்தான், ஐயா, மூன்று வாரம் முன்பு ஒரு சண்டை. ஒருவர் கோபத்தில் வீசிய ஸ்ட்ரைக்கர் நெல்சனின் நெற்றியில் பட்டது. மூன்று தையல். காவலர்கள் வந்தார்கள். அறையில் இருந்தவர்கள், நெல்சனையும் சேர்த்து, பதினெட்டுப் பேர். “பாக்கல சார்.” பதினெட்டு முறையும் அதே பதில்! மன்றத் தலைவர் ஒருவர், “சண்டை தெருவில் நடந்தது, அடித்தது யாரென்று தெரியாது” என்று எழுதிக் கையெழுத்தே போட்டார். அந்தத் தலைவர் யார்? உங்கள் முன் நிற்கும் நான்தான். ‘உண்மை பேசு’ என்று முப்பத்தாறு ஆண்டு கரும்பலகையில் எழுதிய இந்தக் கைதான்.

(கூட்டத்தில் ஒரு குரல்: “அத்த வுடு சார்! நம்ம கஸ்பாரக் காப்பாத்தத்தான சொன்ன!”)

ஆமாம் தம்பி, காப்பாற்றத்தான் சொன்னேன். பாரம் யார் தலையில் இறங்கியது? காவல் நிலைய அதிகாரி என்னிடம் ஒரு தாளை நீட்டினார். அறைக்குள் கேமரா. வருவோர் போவோர் பெயர், நேரம் எழுத ஒரு பதிவேடு. மாலை ஐந்து மணிக்கு மேல் பெண்களுக்கு அனுமதி இல்லை. கையெழுத்துப் போட்டால் சாவி. “இத்தனை பேர் இருந்தும் யாரும் பாக்கலைன்னா, பாக்கறதுக்கு ஒண்ணு வேணுமில்ல சார்?” என்றார்.

அதற்குப் பதில் சொன்னது நம் மன்றத்தில் ஆடும் ஆஃபியா. மாத்தூரில் பேக்கிங் வேலை முடிந்து அவள் இங்கே பஸ்ஸில் வந்து இறங்கவே மாலை ஐந்தரை ஆகும். அடுத்த மாதம் மாநிலக் கேரம் அணிக்கான தேர்வு. இந்தப் பக்கம் நல்ல பலகை நம் அறையில் இருப்பது ஒன்றுதான்.

“நான் இன்னா சார் பண்ணேன்?” என்று அந்த அதிகாரியைக் கேட்டாள்.

“உன் பாதுகாப்புக்குத்தாம்மா” என்றார் அவர்.

“அப்போ அடிச்சவன் வரலாம், அடிக்காதவ வரக்கூடாதா? நல்லா கீதே நாயம்!”

தாய்மார்களே, அரசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நெல்சனின் நெற்றி உடைந்தால் அரசு வரட்டும். வராவிட்டால் நாமே கூப்பிடுவோம். ஆனால் உடைத்த கையைப் பிடிக்க வந்த அரசு, உடைக்காதவளின் மாலைப்பொழுதைப் பிடிக்கலாமா?

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு நாள் வகுப்பில் யாரோ ஜன்னலை உடைத்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. நாற்பது பேரையும் வெயிலில் நிறுத்தினேன். அது நீதியா? இல்லை, என் சோம்பேறித்தனம்! குற்றவாளியைத் தேட முடியாத அதிகாரம் எல்லோரையும் நிறுத்தும். ஆனால் அன்றைக்கு ஒரே ஒரு பிள்ளை முன்னால் வந்திருந்தால், மற்றவர்களை நிறுத்த எனக்கு ஏது உரிமை? நாம் ஏற்காத பொறுப்பு காலியாகக் கிடக்காது, ஐயா. அதில் வேறொருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்!

(தங்கபுஷ்பம் என்னும் தாய்: “கேமராதான சார்! பாத்துட்டுப் போவட்டும். கையெழுத்துப் போட்டுச் சாவிய வாங்கியா!”)

வாங்கலாம் அம்மா. ஆஃபியாவைக் கொடுத்து வாங்க வேண்டும். கொடுப்போமா?

நாளைக் காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்துக்குப் போகிறேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன். நான் எழுதியது பொய், சண்டை உள்ளேதான் நடந்தது, நான் பார்த்தேன் என்று எழுதிக் கொடுப்பேன். அதற்கு என்ன தண்டனையோ, அது எனக்கு.

(ஒரு குரல்: “அடிச்சது யார்னும் சொல்லிடுவியா சார்?”)

கேட்டால் சொல்வேன். ஆனால் கஸ்பார், உன்னை வா என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நானும் ஆணை போடுகிறவன் ஆகிவிடுவேன். அந்த முடிவு உன்னுடையது. என்னுடையதல்ல, இந்தக் கூட்டத்துடையதும் அல்ல.

(மூன்றாம் வரிசையில் கஸ்பார் எழுகிறார். தாயார் வியாகுலம்மாள் சட்டையைப் பிடித்து இழுக்கிறார்: “குந்து நைனா! உள்ள வச்சுட்டா நான் இன்னா பண்ணுவேன்?”

“வுடுமா. நான் பண்ணதுக்கு ஆஃபியா மூணு வாரமா வூட்ல குந்திகினு கீது. சார், மொதல்ல நெல்சன் வூட்டாண்ட போறேன். அப்பால நேரா ஸ்டேஷனுக்கு வரேன்.”)

வியாகுலம்மாள் தாயே, அழாதீர்கள். இல்லை, அழுங்கள். இப்படி ஒரு மகனைப் பெற்றதற்கு அழலாம்.

சாவி கிடைக்குமா? தெரியாது. வழக்கு எப்படிப் போகும்? அதுவும் தெரியாது. ஆனால் “அடித்தவர் இதோ நிற்கிறார், மறைத்தவன் இதோ நிற்கிறேன், ஆஃபியாவை எதற்காக நிறுத்துகிறீர்கள்?” என்று கேட்க நாளைக்கு எனக்கு வாய் இருக்கும். நேற்று வரை அது இல்லை.

கடற்காற்று குளிரும் வரை காது கொடுத்த உங்களுக்கும், குறுக்கே பேசிய உங்களுக்கும், எழுந்து நின்ற ஒருவருக்கும் இந்த வாத்தியாரின் நன்றி. வணக்கம்.