மடுவுக்கு யார் நடப்பது?

“ஹலோ... ஹலோ... ஓம், கேக்குது. கத்தாதேங்கோ, வாட்டில எல்லாரும் திரும்பிப் பாக்கினம்.”

இன்று யசிந்தாவின் வலது குதிகாலில் சத்திரசிகிச்சை. கட்டிலில் காத்திருந்தவளை அழைத்தது பேசாலையிலிருந்து கணவன், மீன்படகுச் சம்மாட்டி ரொபின்சன். நலம் விசாரிக்கத்தான் எடுக்கிறார் என்று ஒரு கணம் நம்பிவிட்டாள், பாவம்.

“என்ன?... வீட்ட வரோணுமோ? ஏன்?... நேர்த்திக்கடனோ? ஆர் வைச்சது?... பொறுங்கோ, பொறுங்கோ. என்ர கால் சுகமானா நான் ஆவணித் திருவிழாவுக்குச் செருப்பில்லாம மடுக் கோயிலுக்கு நடப்பன் எண்டு நீங்கள் மாதாவுக்குச் சொன்னனீங்களோ?... ஓம், ஓம், விளங்குது. வாய் உங்கட, கால் என்ர. நல்ல பங்கு!”

“...வெட்டினா திருவிழாவுக்கு நடக்கேலாது, அதால வெட்ட வேண்டாமோ? சுகமானாத்தானே ஐயா நடக்கிறது! சுகமாகாத காலோட, சுகமானதுக்கு நடக்கச் சொல்லுறியள்!”

மூன்று வருடமாகக் கருவாட்டுக்கு மீன் கீறும் இடத்தில் ஒற்றைக் காலில் நின்றவள் அவள். விடியக் கட்டிலை விட்டு இறங்கினால் குதிகாலில் ஆணி ஏறும். ரொபின்சனின் கண்ணுக்கு அதெல்லாம் வேலைக்கள்ளம்.

“...எலும்பை ஆர் வெட்டுறது? உள்ளங்காலில இறுகின நாரைக் கொஞ்சம் அறுத்து விடுறது, அவ்வளவுதான். ஊசி, பயிற்சி, மெத்துச் செருப்பு எல்லாம் பாத்துப் போட்டுத்தான் டொக்டர் சொன்னவர். சம்மாட்டியார் அவருக்குப் படிப்பிக்கப் போறாராக்கும்!”

“...ஊர் சிரிக்குமோ? சிரிக்கட்டும். ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சது நானோ?... போய்ப் பங்குச் சுவாமியிட்டக் கேளுங்கோ, ஒருத்தர் வைச்ச நேர்த்தியை இன்னொருத்தற்ற காலில கட்டலாமோ எண்டு... கேட்டிட்டீங்களோ? என்ன சொன்னவர்?... சொல்லுங்கோவன்... வைச்ச ஆள்தான் நடக்கோணுமாமோ!”

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில் ஸுஹறா எழும்பி உட்கார்ந்தாள். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

“அப்ப... என்ர கால் சுகமானா நீங்கள் நடக்கோணும். அதுக்காக எனக்குச் சுகமாகக் கூடாது. அப்படித்தானே?”

வாசலில் தாதி தள்ளுவண்டியோடு வந்து நின்றாள்.

“வாறன் மிஸ்!... இஞ்சேருங்கோ, நான் உள்ள போறன். சுகமாகித்தான் வருவன். இண்டைக்கே செருப்பைக் கழட்டிப் போட்டு நடந்து பழகுங்கோ. வைக்கிறன்.”