ரெண்டு மணியிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும்

தட்டினீங்களா? எத்தனை தடவை? மூணு தடவையா... தட்டிட்டு வெளியிலயே நின்னீங்களாக்கும். அட கடவுளே. சொல்லி அனுப்பாதது என் தப்புதான். இந்த ஊர்ல தட்டிட்டு நின்னா யாரும் வர மாட்டாங்கம்மா. தபால்காரன்தான் தட்டுவான், இல்லாட்டி போலீஸு. எதிர்வீட்டு ஒப்தூலியாவுக்குக் காது மந்தம், இது தூக்க நேரம் வேற. கதவு திறந்துதான் கிடக்கும், மணி கோத்த திரை ஒண்ணு தொங்கும், அதை விலக்கிட்டு நேரா உள்ள போயி, கட்டில்கிட்ட நின்னு தோளைத் தொட்டு எழுப்பணும். உங்க ஊர்ல அது திருட்டு. இங்க வாசல்ல நின்னாத்தான் சந்தேகப்படுவாங்க.

போன் பண்ணலையான்னு கேக்குறீங்களா? அடிச்சேனே. அது பாட்டுக்கு அவ அடுப்படியில அடிச்சு ஓயுது.

இருங்க, உடனே ஓடாதீங்க. முகமெல்லாம் தக்காளியாட்டம் செவந்து போச்சு. இந்தாங்க தண்ணி. கம்பிக்கு நடுவுல டம்ளர் நேரா வராது, கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க. ஆங். பேரு ஹேசல்னுதானே சொன்னீங்க? நான் கசில்தா. இங்கிலீஷா? மான்செஸ்டர்ல ஒன்பது வருஷம் ஆஸ்பத்திரித் துணி வெளுத்தேன், அங்க கத்துக்கிட்டது. பள்ளிக்கூடத்துல நாலாவதோட சரி.

நீங்க பால் வாங்கக் கிளம்பினதாலதான் எனக்கு ஆள் கிடைச்சுது. ரெண்டு மணியிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் இந்தத் தெருவுல ஈ காக்கா இருக்காது. மூணு மணி வெயில்ல கடை தேடி நடக்குறது உங்க நாட்டுக்காரங்க மட்டும்தான். ரெண்டேகால்லேர்ந்து இந்த ஜன்னல்ல நின்னு, மாதாவே, ஒரே ஒரு இங்கிலீஷ்காரரை இந்தப் பக்கம் அனுப்பும்மான்னு வேண்டிக்கிட்டிருந்தேன். சிரிக்காதீங்க, அனுப்பிட்டாளே.

கடை சாயங்காலம் அஞ்சரைக்குத்தான் திறக்கும். உள்ள போனா வரிசையத் தேடாதீங்க, இருக்காது. ஆளாளுக்கு ஒரு மூலையில நின்னு ஊர்க்கதை பேசிட்டிருப்பாங்க. கடைசி யாருன்னு சத்தமா கேக்கணும். ஒருத்தர் கையைத் தூக்குவாரு, அவருக்கு அடுத்தது நீங்க. போன வருஷம் உங்க ஊர்க்காரர் ஒருத்தர் முக்கால் மணி நேரம் சுவத்தை ஒட்டி நின்னாரு, பாவம். ஊறுகாய் வாங்க வந்தவருன்னு யாருக்குத் தெரியும்? அவரு ஏதோ கோபமா இருக்காருன்னு நினைச்சுட்டோம்.

பகல்ல ஜன்னல் கதவை இறுக்கி மூடிருங்க. காத்து வரட்டும்னு திறந்து வச்சீங்கன்னா காத்து வராது, வெயில்தான் வரும். ராத்திரி திறங்க. தெருவுல யாரைப் பார்த்தாலும் வணக்கம் சொல்லுங்க, தெரிஞ்சவங்களா இருக்கணும்னு இல்ல. பார்ல காபி சொன்னதும் காசை நீட்டாதீங்க, நம்மளை அவசரப்படுத்துறாங்கன்னு கடைக்காரன் நினைச்சுக்குவான். கிளம்புறப்போ கொடுங்க.

இந்தப் பூட்டா? பார்த்துட்டீங்களா. பயப்படாதீங்க, என்னை யாரும் அடைச்சு வைக்கல. நான்தான் பூட்டச் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் ஹசிந்தோவுக்கு மறதி வியாதி. நாலு வருஷமா. சுரங்கம் மூடி இருபது வருஷம் ஆச்சு, அவரு தினம் மத்தியான ஷிப்டுக்குக் கிளம்புவாரு. சாவியை மாவு டப்பாவுல ஒளிச்சேன், எடுத்துட்டாரு. மாதா படத்துக்குப் பின்னால வச்சேன், அதையும் எடுத்துட்டாரு. என் பேரு ஞாபகம் இல்ல, நான் எங்க ஒளிப்பேன்னு மட்டும் தெரியும். போன ஜனவரியில நான் கொஞ்சம் கண் அசந்தேன், வெறுங்காலோட ரெண்டு கிலோமீட்டர் தள்ளி பனியில நின்னுக்கிட்டிருந்தாரு. அன்னைக்கே சாவியை ஒப்தூலியா கையில குடுத்துட்டேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்து வெளியில பூட்டுவா, அஞ்சு மணிக்குத் திறப்பா. ராத்திரியும் அப்படித்தான். ஏழு மாசமா.

பூட்டு விழுற சத்தம் கேட்டதும் அப்பாடான்னு இருக்கும். ஒரு பத்து நிமிஷம். அப்புறம் அதே சத்தத்தை நினைச்சு மூச்சு முட்டும். கழுத்துவரைக்கும் மண்ணு மூடினாப்புல. இந்தக் கம்பியைப் புடிச்சுக்கிட்டு, கடவுளே, இதுலேர்ந்து என்னை வெளிய விடும்னு கேட்டிருக்கேன். அப்படிக் கேட்டது பாவமான்னு தெரியல. பாதிரியார்கிட்ட இன்னும் சொல்லல.

மக சரகோசா டவுன்ல இருக்கா. அப்பாவை இல்லத்துல விட்டுரும்மா, நீயும் மனுஷிதானேன்னு ஞாயித்துக்கிழமை தோறும் திட்டுவா. மகன் ஜெர்மனியில. ரெண்டும் நல்ல பிள்ளைங்க. எப்படிடி விடுறது, அங்க அவருக்கு யாரு சாப்பாட்டுப் பொட்டலம் கட்டித் தருவான்னு கேட்டேன். ஷிப்டுக்குப் போறப்போ பொட்டலம் இல்லன்னா அழுவாரும்மா.

இல்ல இல்ல, மெதுவா பேச வேண்டாம். உள்ளதான் படுத்திருக்காரு. எழுந்திருக்க மாட்டாரு.

உங்களை நிறுத்தி வச்சுப் பேசிட்டிருக்கேன். சாவி வந்துட்டா வீடு நெறைய ஆளா ஆயிடும், அப்புறம் இப்படி ஒருத்தர்கூட நின்னு பேச முடியாது.

ஆங், முக்கியமானதை விட்டுட்டேன் பாருங்க. பால், ரொட்டி, முட்டை எல்லாம் இன்னைக்கே ரெண்டு நாளைக்குச் சேர்த்து வாங்கிருங்க. நாளைக்குக் கடை கிடையாது. பாரும் மூடிருவாங்க. ரொட்டி வண்டியும் வராது, அந்தப் பையன் சவப்பெட்டி தூக்கப் போயிருவான்.

திருவிழா இல்லம்மா. அடக்கம். மொத்தமே அறுபது பேரு இருக்குற ஊரு, ஒரு சாவுன்னா எல்லாரும் கோயிலுக்குப் போயிருவாங்க.

இல்ல, நீங்க கேட்டிருக்க மாட்டீங்க, கோயில்ல இன்னும் சாவு மணி அடிக்கல. யாருக்கும் தெரியாது. சூப்பை முழுசா குடிச்சாரு இன்னைக்கு. ஒப்தூலியா பூட்டிட்டுப் போனா. வாயைத் துடைச்சு விடலாம்னு ஈரத்துணி எடுத்துட்டு வந்தேன், அவ்வளவு நேரம்தான். அவரு கண்ணை மூடி விட்டேன். ஜெபமாலை ஒரு சுத்து சொன்னேன்.

அழாதீங்கம்மா. நீங்க லீவுக்கு வந்தவங்க. கம்பியை விடுங்க, சுடும். போங்க. ஒப்தூலியாவுக்கு இங்கிலீஷ் வராது, கையை இப்படித் திருகிக் காட்டுங்க, சாவின்னு புரிஞ்சுக்குவா. விஷயத்தை நான் சொல்லிக்கறேன், கேட்டா ஓடி வந்து விழுந்து வைப்பா, முட்டிவலிக்காரி.

நீங்களும் ஓடாதீங்க. சுவத்தோரமா நிழல்லயே போங்க.