நிழலில் கட்டிய பெட்டி

சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி செல்லும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருவர். ஒருவர் எலுமிச்சை விவசாயி. மற்றவர், அவர் தோட்டத்துக்கு அடுத்திருந்த மாந்தோப்பை வெட்டிப் போட்ட வீட்டுமனை பிளாட்டுகளுக்குக் காவல்காரர்.

“பாவம் அண்ணாச்சி, பெட்டி வெயில்ல காயுதேன்னு நிழல்ல கட்டிட்டேன்” என்றார் காவல்காரர்.

“எந்தப் பெட்டி?”

“காலேஜ்காரங்க பிளாட்டுல சூடு அளக்க வச்ச பெட்டிதான். தொட்டா கை சுட்டுது.”

“ஏ வே, அந்தச் சூட்டைத்தான வே அளக்கணும்! மரத்தை வெட்டினா இந்த வட்டாரத்துல வெயில் எவ்வளவு ஏறும்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுதாங்க. என் எலுமிச்சம்பூவெல்லாம் கருகி உதிருது. மேற்க இருக்குற தோப்பையாவது வெட்டவிடாம தடுக்க அந்தக் கணக்கைத்தான் நம்பிக் கிடக்கேன்.”

“அளவெல்லாம் பெட்டியிலருந்து அவங்க போனுக்கே போயிருதாம். நேத்து கூப்பிட்டாங்க. மரம் வெட்டியும் சூடு ஏறவே இல்லைன்னு ஆச்சரியப்பட்டாங்க.”

விவசாயி அவர் பக்கம் திரும்பினார்.

“அந்தப் பொட்டல்ல நிழல் ஏது வே?”

“அங்கன ஏது அண்ணாச்சி? உங்க தோட்டத்துலதான் கட்டியிருக்கேன். நீங்க தினமும் தண்ணி பாய்ச்சுதீங்கள்லா, ஜில்லுன்னு இருக்கு.”