பாதி கழிச்சுக்கங்க

காலையில் சீனி குறைத்த, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர் ஒன்று கிடைத்தால் போதும், எனக்கு வேறு ஆசை இல்லை. சிக்கந்தர் கடையில் அதைக் குடித்துக்கொண்டே ஒரு புளுகை அவிழ்த்துவிடுவேன். பத்து காவான் ஊரில் என் மோட்டார் சைக்கிள் பஞ்சரானது, ஒரு மலைப்பாம்பு சக்கரத்தில் சுருண்டு கடற்பாலம் தாண்டிக் கொண்டுவந்து விட்டது என்பேன். சிக்கந்தர் மேசையைத் துடைத்தபடி, "பாதி கழிச்சுக்கங்க லா" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். முப்பது வருடப் பழக்கம்.

மூன்று வருடத்துக்கு முன் என் தோளில் இருந்த கொழுப்புக் கட்டியை மருத்துவமனையில் அரை மணி நேரத்தில் வெட்டி எடுத்தார்கள். ஓய்வில் இருந்தபோது ஃபேஸ்புக்கில் புற்றுநோய்க்காரர்களின் குழு ஒன்றில் எழுதினேன்: டாக்டர் கைவிட்ட புற்றுக்கட்டி, பெலாலாய் காஜா மூலிகையின் இலைச் சாற்றில் நாற்பதே நாளில் கரைந்தது. கட்டியோடு ஒரு படம், தழும்போடு ஒரு படம். தழும்பு, இலை உறிஞ்சிய இடமாம்.

ஆயிரம் பேர் கைகூப்பினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் சந்திரிகா தனியாக எழுதினாள். "அண்ணே, மார்புல கட்டி. சின்னதுதான், இப்பவே எடுத்தா பொழச்சிக்கலாம்னு ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாங்க. பயமா இருக்கு. உங்களுக்கு நெசமாவே கரைஞ்சிருச்சா?"

அங்கே சிக்கந்தர் இல்லை. நானே கழித்திருக்கலாம். "ஐஸ் கட்டி மாதிரி கரைஞ்சிருச்சு, தங்கச்சி" என்று பதில் போட்டேன்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கட்டி பெரிதாகிறது என்றாள். வெளியே வரப் போகிறது என்றேன். முதுகு வலிக்கிறது என்றாள். வேர் அறுபடும் வலி என்றேன். "நீங்க இல்லன்னா பயத்துலயே செத்திருப்பேண்ணே" என்று எழுதினாள். நான் கொடுத்த தைரியத்தை யாரும் மறுக்க முடியாது.

அதிலிருந்து இரண்டாவது தீபாவளிக்கு மறுநாள் அவள் எண்ணிலிருந்து கணவன் வாசு எழுதினான்: "சந்திரிகா தவறிட்டா. கடைசி வரைக்கும் உங்க படத்தத்தான் எல்லார்கிட்டயும் காட்டுனா. நீங்களாவது நல்லா இருங்கண்ணே."

நேற்றுக் காலை சிக்கந்தர் கடையில் இதை ஒன்று விடாமல் சொன்னேன். "அந்தப் பொண்ண நான்தான் கொன்னேன்" என்று முடித்தேன். முடித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். துணியோடு நின்றான். வழக்கமாகச் சொல்வதைச் சொல்வான் என்று காத்திருந்தேன்.

தேநீர் ஆறிப்போயிற்று. முப்பது வருடத்தில் அவன் என்னை முழுசாக நம்பியது அதுதான் முதல் தடவை.